ஜிரெல்லி நிற்கும் இடம்

2025 ஜூலை 16 அன்று ஜெனீவாவில் இரவு 9 மணிக்கு ஆரம்பித்த ஆட்டம், நமக்கு நள்ளிரவு கடந்து 12.30 மணிக்கு ஆரம்பித்தது. ஐரோப்பிய மகளிர் கால்பந்துக் கோப்பையின் முதல் காலிறுதியில் இத்தாலியும் நார்வேயும் மோதின. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டிருந்ததால் ஒலியை அணைத்துவிட்டு, கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி இரண்டேகாலைத் தாண்டியபோது ஆட்டம் 1–1 என்று சமநிலையில் இருந்தது, 90-ஆவது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து சோஃபியா கந்தோரே பந்தை உயர்த்தி அனுப்பினார். அது இறங்கி வந்த இடத்தில் இத்தாலியின் அணித்தலைவி கிறிஸ்தியானா ஜிரெல்லியின் தலை இருந்தது. ஓசையில்லாத திரையில் இத்தாலியப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றேன்.

மறுநாள் அந்தக் கோலை ஏழெட்டு முறையாவது திரும்பப் பார்த்திருப்பேன். முதல் முறை பார்த்தபோது அவர் எங்கிருந்து வந்தார் என்பதே எனக்குப் புரியவில்லை. கேமரா எப்போதும் பந்தின் பின்னால்தான் போகிறது. பந்தை வைத்திருப்பவரைக் காட்டுகிறது, பந்து பறப்பதைக் காட்டுகிறது, கடைசியில் அது போய்ச் சேரும் தலையைக் காட்டுகிறது. அந்தத் தலை அங்கே வந்து சேர்வதற்காக அதற்கு முந்தைய நான்கைந்து வினாடிகளில் நடந்ததெல்லாம் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. ஜிரெல்லியின் இருபதாண்டு ஆட்டத்தில் பெரும்பகுதி அப்படிச் சட்டகத்துக்கு வெளியே நடந்ததுதான். அதனால்தானோ என்னவோ, அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் "சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், ஏதோ பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவருக்கு உடனே பேருந்து கிடைத்துவிட்டதைப் போல.

தலையால் முட்டி கோல் போடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பள்ளிக்கூட மைதானத்தில் என் மூக்கின் வழியாகத் தெரிந்துகொண்டேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், நீரை உறிஞ்சிக் கனத்துப் போயிருந்த பந்து கார்னரிலிருந்து வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு எம்பினேன். பந்து மூக்கில் விழுந்தது, சட்டையெல்லாம் ரத்தம். பி.டி. வாத்தியார் ஓடிவந்து, தலையை அண்ணாந்து பிடித்துக்கொள்ளச் சொல்லாமல் முதலில் திட்டினார்: "பந்தை நீ போய் முட்டணும்டா, பந்து வந்து உன்னை முட்டக் கூடாது." அந்த வாக்கியத்தின் முழுப் பொருளும் ஜிரெல்லியைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பந்து உயரே எழும்போதே அது எங்கே இறங்கும் என்று கணிக்க வேண்டும்; அந்த இடத்துக்கு உடனே போய் நிற்கவும் கூடாது, நின்றால் தடுப்பாட்டக்காரர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வார். முதலில் எதிர்த்திசையில் ஓரடி வைத்து அவரை இழுத்து, அவருடைய கண் பந்தின் மேல் திரும்பும் அந்த ஒரு கணத்தில் அவருக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, பந்து வரும் நேரத்தில் காற்றில் இருக்க வேண்டும். வேகமாக ஓடுகிறவர்களுக்கு இது ஓரளவு எளிது. ஜிரெல்லி ஒருநாளும் மின்னல் வேகக்காரராக இருந்ததில்லை.

1990 ஏப்ரல் 23 அன்று வட இத்தாலியில், பிரெஷா மாவட்டத்திலுள்ள கவார்தோவில் பிறந்தவர் அவர். கார்தா ஏரிக்கு அருகிலுள்ள ஊர் அது. பதின்ம வயதிலேயே அந்த ஏரியின் மறுகரைப் பெயரைத் தாங்கிய பர்தோலினோ வெரோனா அணியில் சேர்ந்தார். அன்றைய இத்தாலிய மகளிர் கால்பந்தில் பர்தோலினோ சாதாரண அணி அன்று. 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக் பட்டம் வென்ற அணி, 2008-இல் ஐரோப்பிய அளவில் அரையிறுதி வரை போன அணி. பத்ரிசியா பனிக்கோவும் மெலானியா கப்பியாதினியும் அங்கே முன்களத்தில் ஆடினார்கள். பனிக்கோ கோல் போடுவதைத் தினமும் பயிற்சியில் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த ஒரு பெண், பெனால்டி பகுதிக்குள் எப்படி நடமாட வேண்டும் என்பதை வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பனிக்கோவும் சட்டத்தின் கண்ணில் பொழுதுபோக்குக்காக ஆடியவர்தான். இத்தாலிய மகளிர் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அங்கே பெண்களுக்கான தேசிய லீக் 1968-இலேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கான அதிகாரபூர்வமற்ற உலகக் கோப்பை ஒன்று 1970-இல் இத்தாலியிலேயே நடந்தது. 1991-இல் சீனாவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் கோல்களை அடித்தவர் வெனிஸில் பிறந்த கரோலினா மொராச்சே. இவ்வளவு நீண்ட மரபு இருந்தும், தொழில்முறை விளையாட்டைப் பற்றிய 1981-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டம், எந்த விளையாட்டு தொழில்முறை விளையாட்டு என்று முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்த விளையாட்டுச் சங்கங்களிடமே விட்டிருந்தது. கால்பந்துச் சங்கம் ஆண்களை மட்டும் அந்த வரம்புக்குள் வைத்துக்கொண்டது. ஆகவே பெண்கள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களாக இருந்தாலும் அமெச்சூர்களே. ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 யூரோ என்ற உச்சவரம்பு, அதற்கு மேல் பயணப்படி போன்ற சில்லறைகள். ஓய்வூதியப் பிடித்தம் இல்லை. நெடுங்காலம் ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தமும் இல்லை. காலையில் வேலை அல்லது படிப்பு, மாலையில் பயிற்சி என்பதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கமாக இருந்தது.

2013-இல் ஜிரெல்லி சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி பிரெஷா அணியில் சேர்ந்தார். பயிற்சியாளர் மிலேனா பெர்த்தோலினி. பின்னாளில் தேசிய அணிக்கும் அவரே பயிற்சியாளரானார். பிரெஷா 2014-இலும் 2016-இலும் லீக் பட்டம் வென்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட 2015-இல்தான் அந்த அசிங்கம் நடந்தது. மகளிர் கால்பந்து அப்போது அமெச்சூர் லீக்கின் நிர்வாகத்தில் இருந்தது. அந்த லீக்கின் தலைவர் ஒரு கூட்டத்தில், இந்தப் பெண்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது என்ற பொருளில், அவர்களைக் கொச்சையாகப் பழித்துப் பேசியது கூட்டக் குறிப்பேட்டின் வழியாக வெளியே வந்தது. அவர் பதவியை இழந்தார். ஆனால் அவர் சொன்ன சொல்லைவிட, அதைக் குறிப்பேட்டில் எழுதியவருக்கு அது விநோதமாகவே தோன்றவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தம்மைப் பற்றி நிர்வாகம் இப்படித்தான் பேசுகிறது என்று தெரிந்துகொண்டே அந்தப் பெண்கள் அடுத்த வாரமும் காலணியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள்.

பிரெஷாவின் முடிவு இன்னும் விசித்திரமானது. 2017–18 பருவத்தில் பிரெஷாவும், அந்த ஆண்டுதான் மகளிர் அணியைத் தொடங்கியிருந்த யுவென்டஸும் சம புள்ளிகளுடன் முடித்தன. நொவாராவில் நடந்த பட்டத் தீர்வு ஆட்டம் பெனால்டி வரை போய், யுவென்டஸ் வென்றது. சில வாரங்களுக்குள் பிரெஷா, முதல் பிரிவு லீக்கில் ஆடும் தன் உரிமத்தை ஏசி மிலானுக்குக் கொடுத்துவிட்டது. ஊர்க்காரர்களின் உழைப்பில் எழுந்த அணி ஒரே கோடையில் இல்லாமல் போனது. யுவென்டஸ் தொடங்கியதும் இப்படித்தான், கூனேயோ அணியின் உரிமத்தைப் பெற்று, ரோமாவும் அப்படித்தான். பெரிய ஆண்கள் கழகங்கள் உள்ளே வந்ததால் நல்ல மைதானமும் மருத்துவரும் தொலைக்காட்சியும் வந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் வறண்ட காலமெல்லாம் வயலைக் காத்தவர்களின் பெயர் அறுவடைக் கணக்கில் இல்லை என்பதை ஒரு வரியிலாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 2018-இல் ஜிரெல்லியும் யுவென்டஸுக்குப் போனார்.

அதற்குப் பின் வந்த ஓராண்டு இத்தாலிய மகளிர் கால்பந்தின் முகத்தையே மாற்றியது. 2019 மார்ச் 24 அன்று தூரின் நகரில் யுவென்டஸின் பெரிய அரங்கு முதல் முறையாகப் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, ஃபியோரெந்தினாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க 39,027 பேர் வந்தார்கள். அதே கோடையில், இருபது ஆண்டுகள் கழித்து இத்தாலிப் பெண்கள் உலகக் கோப்பையில் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் பார்பரா பொனன்சேயா தலையால் முட்டி வெற்றியைத் தந்தார். ஜூன் 14 அன்று ரேம்ஸ் நகரில் ஜமைக்காவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம் ஜிரெல்லியுடையது.

அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் இத்தாலிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஜிரெல்லி அடித்தார், ஜமைக்காவின் கோல்கீப்பர் சிட்னி ஷ்னைடர் தடுத்துவிட்டார். ஆனால் பந்து உதைக்கப்படும் முன்பே ஷ்னைடர் கோட்டைவிட்டு முன்னால் வந்துவிட்டதாகக் காணொளி நடுவர் கண்டதால் மறுபடி அடிக்கச் சொன்னார்கள். ஒரு பெனால்டியைத் தவறவிட்டுவிட்டு அடுத்த நிமிடமே அதே ஆளுக்கு எதிரே அதே புள்ளியில் பந்தை மறுபடி வைப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது இருவருக்கும் மற்றவர் மனம் தெரியும். அல்லது தெரியும் என்ற எண்ணம் இருக்கும். இரண்டாவது முறை பந்து வலைக்குள் போனது. இரண்டாவது கோல் கார்னரிலிருந்து வந்தது, தொடையில் பட்டு உள்ளே போனது. அழகு என்று சொல்வதற்கில்லை. மூன்றாவது, இடைவேளை முடிந்த முதல் நிமிடத்தில், தலையால். ஆட்டம் 5–0. மொராச்சேவுக்குப் பிறகு உலகக் கோப்பையில் ஹாட்ரிக் அடித்த இத்தாலியப் பெண் அவர்தான். இடையில் 28 ஆண்டுகள் ஓடியிருந்தன. இத்தாலி காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றுத் திரும்பியது, ஆனால் திரும்பியபோது விமான நிலையத்தில் அடையாளம் தெரியாதவர்களாக அவர்கள் இல்லை.

யுவென்டஸுடன் ஜிரெல்லி வென்றவற்றை அடுக்கினால் சலிப்புத் தட்டும். 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். அவற்றில் 2020–21 பருவத்தில் யுவென்டஸ் ஆடிய 22 ஆட்டங்களிலும் வென்றது. ஒரு சமநிலைகூட இல்லை. அந்தப் பருவத்தில் லீக்கின் அதிக கோல் அடித்தவர் ஜிரெல்லி, 22 கோல்கள். எதிரணிகள் பலவும் வலுவற்றவையாக இருந்தன என்பது உண்மைதான், அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை அளக்க நான் விரும்பவில்லை.

2022 ஜூலை 1 அன்றுதான் இத்தாலியில் மகளிர் கால்பந்தின் முதல் பிரிவு தொழில்முறை விளையாட்டானது. அந்த நாட்டின் குழு விளையாட்டுகளில் பெண்களுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. குறைந்தபட்ச ஊதியம், ஓய்வூதியப் பிடித்தம், மகப்பேற்றுப் பாதுகாப்பு என்று ஒரு அலுவலக எழுத்தருக்குக்கூட இயல்பாகக் கிடைப்பவையெல்லாம் அன்று முதல் அவர்களுக்கும் கிடைத்தன. இதற்காக ஆண்டுக்கணக்கில் வீரர் சங்கத்தின் வழியாக வாதாடியவர்களில் முன்னே நின்றவர், அன்றைய தேசிய அணித்தலைவி சாரா காமா. மொராச்சேவும் பனிக்கோவும் ஆடும் காலத்தில் இதைக் கண்டதில்லை. ஜிரெல்லிக்கு அந்த நாளில் வயது 32. சட்டப்படி அவர் தொழில்முறை வீராங்கனையாக ஆனபோது, அவருடைய வயதுடைய முன்கள ஆட்டக்காரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அவரைப் பாராட்டுகிறவர்கள் "பொறுமை" என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். பெனால்டி பகுதிக்குள் அவர் காட்டும் பொறுமைக்கு அந்தச் சொல் பொருந்தும். அது அவராகவே தேர்ந்து பழகிய வித்தை. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் காத்திருந்ததை அதே சொல்லால் அழைத்து, அதையும் அவருடைய குணச்சிறப்பாக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு சங்கம் நாற்பதாண்டுகள் தள்ளிப்போட்ட வேலை.

தொழில்முறைத் தகுதி கிடைத்த அதே மாதத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலி தலைகுனிந்தது. பிரான்சிடம் 1–5, ஐஸ்லாந்துடன் 1–1, பெல்ஜியத்திடம் 0–1. அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அணியைத் தேர்ந்தபோது பெர்த்தோலினி இளையவர்கள் பக்கம் சாய்ந்தார், காமாவுக்கே இடமில்லை. ஜிரெல்லி நியூசிலாந்துக்குப் போனார், ஆனால் 2023 ஜூலை 24 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் அர்ஜென்டினாவுக்கு எதிரான முதல் ஆட்டம் தொடங்கியபோது அவர் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில்தான் இருந்தார். 16 வயது ஜூலியா திரகோனி களத்தில் இருந்தார். இத்தாலி போட்ட கோல்கள் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டன. ஆட்டம் கோலின்றி முடியும் போலிருந்தது. நமக்கு அது திங்கட்கிழமை மதியம். வேலை நேரத்தில், மேசைக்குக் கீழே கைப்பேசியை மறைத்து வைத்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

83-ஆவது நிமிடத்தில் ஜிரெல்லி உள்ளே வந்தார். 87-ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து லிசா போவத்தின் பந்தை உயர்த்தி அனுப்ப, ஜிரெல்லி எம்பி அதைத் தொட்டார். அதை அடித்தார் என்று சொல்வதைவிடத் தொட்டார் என்பதே சரி. பந்தின் வேகத்தைக் கூட்டாமல், நெற்றியால் திசையை மட்டும் மாற்றி, கோல்கீப்பரின் தலைக்கு மேலாக வளைந்து தூரத்து மூலையில் விழும்படி அனுப்பினார். நடுமைதானத்திலோ பக்கவாட்டிலோ தலையால் விளையாடும்போது கழுத்தை வெட்டி வலுவாக முட்டத்தான் கற்றுத்தருகிறார்கள். பின்னால் சாய்ந்தபடி இருக்கும்போது வலுவாக முட்டினால் பந்து கம்பத்துக்கு மேலேதான் போகும். அந்த நிலையில் வலுவை விட்டுவிட வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் யோசிக்க நேரம் இருக்காது. களத்துக்குள் வந்து நான்கே நிமிடம் ஆகியிருந்தது. அந்த உலகக் கோப்பையில் இத்தாலிக்கு நிலைத்த மகிழ்ச்சி அது ஒன்றுதான். ஸ்வீடனிடம் 0–5, தென்னாப்பிரிக்காவிடம் கடைசி நிமிடங்களில் 2–3. பெர்த்தோலினி விலகினார். ஆந்த்ரேயா சொன்சின் வந்தார்.

சொன்சினின் அணியில் ஜிரெல்லிக்கு மறுபடி முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது, காலப்போக்கில் தலைமைப் பட்டையும் வந்தது. 2025-இல் யுவென்டஸ் இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் ரோமாவிடமிருந்து பட்டத்தை மீட்டது. 35 வயதில் ஐரோப்பியக் கோப்பைக்காக ஸ்விட்சர்லாந்துக்குப் போன ஜிரெல்லி, போர்ச்சுகலுக்கு எதிராகப் போட்ட கோலைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து, வலக்காலால், வளைத்து மேல் மூலையில். இத்தனை ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து தட்டியும் முட்டியும் கோல் போடுகிறவர் என்று பெயரெடுத்தவருக்கு இதுவும் கைவந்திருந்தது. அந்த ஆட்டம் 1–1 என்று முடிந்தது. ஸ்பெயினிடம் 1–3 என்று தோற்றாலும் இத்தாலி காலிறுதிக்குத் தேறியது.

நார்வேக்கு எதிரான இரவில் அவருடைய முதல் கோல் 50-ஆவது நிமிடத்தில் வந்தது. கந்தோரே கோலை நோக்கி அனுப்பிய பந்தை மிக அருகிலிருந்து காலை நீட்டித் திருப்பிவிட்டார். பின்னர் நார்வேயின் ஆடா ஹெகர்பெர்க் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார், சில நிமிடங்களில் அவரே சமன் செய்தார். அதற்கப்புறம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன 90-ஆவது நிமிடம். 1997-க்குப் பிறகு இத்தாலி ஐரோப்பிய அரையிறுதிக்குப் போனது அந்தக் கோலால்தான்; 1997-இல் ஜிரெல்லிக்கு வயது ஏழு.

ஜூலை 22 அன்று, அதே ஜெனீவாவில், இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. 33-ஆவது நிமிடத்தில் பொனன்சேயா கோல் போட்டார். இரண்டாம் பாதியில் ஜிரெல்லியால் தொடர முடியாமல் போய் மாற்றப்பட்டார். பிறகு இத்தாலி பின்னால் நகர்ந்து நகர்ந்து, தன் பெனால்டி பகுதிக்குள்ளேயே குடியேறிவிட்டது போல ஆடியது. முன்னால் பந்தைப் பிடித்து வைத்து இரண்டு மூச்சு விட நேரம் வாங்கித்தர ஆளில்லை. கூடுதல் நிமிடங்களில் ஆறாவது நிமிடத்தில் மிஷெல் அஜமாங் சமன் செய்தார். இன்னும் ஒரு நிமிடம் தாங்கியிருந்தால் இறுதி ஆட்டம். சமநிலையால் தொடர்ந்த அரைமணிக் கூடுதல் நேரமும் தீரப்போகையில், 119-ஆவது நிமிடத்தில், இங்கிலாந்துக்கு ஒரு பெனால்டி.

குளோயி கெல்லி அடித்தார். இத்தாலியின் கோல்கீப்பர் லௌரா ஜூலியானி சரியான பக்கம் பாய்ந்து தடுத்தார். ரேம்ஸில் ஜிரெல்லியின் முதல் பெனால்டியை ஷ்னைடர் தடுத்தது போலத்தான். இங்கே யாரும் மறுபடி அடிக்கச் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் ஏற்படவில்லை. ஜூலியானியின் கையிலிருந்து தெறித்த பந்து, கோலுக்கு முன்னே சில அடிகளில், ஆண்டுக்கணக்காக ஜிரெல்லி போய் நின்ற அந்த இடத்தில் வந்து விழுந்தது. கெல்லி ஓரடி முன்னால் வைத்து அதை உள்ளே தட்டினார். அந்தப் பக்கத்தில் ஜிரெல்லி மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில் இருந்தார்.